இரண்டரை விநாடிக் காவல்

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை டிவியில் பார்க்கும்போது நம் கண் பந்தோடு போய்விடும். ஒரு தடவை பந்தை விட்டுவிட்டு, பந்தை எறியும் குவாட்டர்பேக் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கை, அதாவது வழக்கமாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை மட்டும் பாருங்கள். பந்து பின்னால் வந்ததும் அவர் ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று, பார்வையை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோகிறார். எதிரணி ஆள் ஒருவர் வரிசையைப் பிளந்துகொண்டு வருகிறார். இவர் இரண்டு எட்டு முன்னால் வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து, வருகிறவரின் நெஞ்சில் இரு கைகளையும் ஊன்றுகிறார். பந்து இருவர் தலைக்கும் மேலே பறந்து போய்விடுகிறது. கைதட்டல் முழுக்க அதைப் பிடித்தவருக்கு.

குவாட்டர்பேக் பந்தை வாங்கி எறிய எடுத்துக்கொள்வது சராசரியாக இரண்டரை முதல் மூன்று விநாடி. அதற்குள் அவரைத் தொட விடக்கூடாது. பாதுகாப்பு என்பது இவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. அணிக்கு 11 பேர். குவாட்டர்பேக் ஒருவர், அவருக்கு முன்னால் சுவர்போல நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள் ஐந்து பேர். அந்த ஐவரும் வழக்கமாகப் பந்தைப் பிடிக்க முடியாது, விதி இடம் தராது. மீதி ஐந்து பேர்தான் ஓடிப்போய்ப் பிடிக்கக்கூடியவர்கள். எதிரணி நான்கு பேரை அனுப்பினால் ஐந்து பேர் சுவரே போதும். ஆறு பேரை அனுப்பினால் ஒருவர் தடுக்க ஆளில்லாமல் வருவார். இப்படிக் கூடுதல் ஆளை அனுப்புவதுதான் பிளிட்ஸ். சரி, டைட் எண்டையும் (சுவரின் ஓரத்தில் நிற்பவர், தடுக்கவும் செய்வார், பந்தைப் பிடிக்கவும் ஓடுவார்) ரன்னிங் பேக்கையும் காவலுக்கு நிறுத்தலாம் என்றால் சுவர் ஏழாகும், ஆனால் பிடிக்க ஓடுகிறவர்கள் மூன்றாகக் குறைவார்கள். எதிரணி நான்கு பேரை மட்டும் அனுப்பிவிட்டு ஏழு பேரைப் பின்னால் வைத்துக்கொண்டால், அந்த மூவரும் ஏழு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நேரம் நிறைய இருக்கும், எறியத்தான் ஆள் இருக்காது.

நிறுத்தி வைத்தாலும் ரன்னிங் பேக்கால் எவ்வளவு தாங்க முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 107 கிலோ ஆள் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உந்தம், அதாவது எடையையும் வேகத்தையும் பெருக்கினால், 642. எதிரே 95 கிலோ ரன்னிங் பேக் சும்மா நிற்கிறார். மோதி இருவரும் ஒட்டிக்கொண்டால், இருவரும் சேர்ந்து விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் குவாட்டர்பேக்கை நோக்கியே போவார்கள். அதே ரன்னிங் பேக் 3 மீட்டர் வேகத்தில் முன்னேறி மோதினால், அந்த வேகம் 1.8 ஆகக் குறைகிறது. அவர் எடுத்து வைக்கும் அந்த இரண்டு எட்டுக்கு இவ்வளவு மதிப்பு. அப்புறம் முழங்காலை மடக்குவது எதற்கு? கீழிருந்து மேல்நோக்கித் தள்ளும்போது எதிராளியின் எடை அவர் பாதத்திலிருந்து கொஞ்சம் விடுபடுகிறது. தரையில் பிடிமானம் குறைந்தால் அவரால் தள்ள முடியாது.

இந்தக் கணக்கு எடுபடாத ஒரு மனிதர் 1981-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வந்தார். லாரன்ஸ் டெய்லர். அதுவரை ஓரத்திலிருந்து பாயும் லைன்பேக்கரை (எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரர்) ரன்னிங் பேக்கிடம் விடுவது சாதாரண வழக்கம். டெய்லர் அவர்களை விலக்கிவிட்டு நடந்தார் என்றே சொல்ல வேண்டும். 1982 ஜனவரி 3 அன்று நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பயிற்சியாளர் பில் வால்ஷ், அந்த வேலையை ஜான் ஏயர்ஸ் என்ற கார்டிடம் (சுவரின் உள்பக்கம் நிற்பவர்) கொடுத்தார். 38-24 என்று ஜெயித்தார். வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் வேறு வழி போனார். வருஷத்துக்கு இரண்டு தடவை டெய்லரைச் சந்தித்தாக வேண்டிய அவர், இன்னொரு டைட் எண்டைச் சேர்த்து, வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி, டெய்லர் எந்தப் பக்கம் நின்றாலும் அங்கே நகர்த்த முடியும்படி செய்தார். அப்படியும் 1985 நவம்பர் 18 இரவு டெய்லர் விழுத்தியதில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் வலது கால் எலும்புகள் முறிந்தன. அவர் மறுபடி ஆடவே இல்லை. காவல் என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'சிப்' என்ற அரைகுறைத் தடுப்பு. ஓரத்திலிருந்து பாய்கிறவர் நேர்க்கோட்டில் வருவதில்லை. சுவரின் கடைசி ஆளான டேக்கிளைச் சுற்றி வளைந்து வருகிறார். வளைவில் போகும் பைக் சாய்வதுபோல அவர் உடம்பும் உள்பக்கம் சாய்ந்திருக்கும், பாதங்கள் வெளியே இருக்கும். முழு வளைவையும் தாங்குவது தரையின் உராய்வுதான். அந்த நொடியில் ஓட்டத்துக்குக் கிளம்பும் ரன்னிங் பேக் போகிறபோக்கில் உள்பக்கமிருந்து ஒரு தோள் கொடுத்தால் போதும், வளைவு பெரிதாகிவிடும். டைட் எண்ட் வெளிப்பக்கமிருந்து இடித்தால், அவர் டேக்கிளின் கைக்குள்ளேயே போய் விழுவார். முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. அரை விநாடி தாமதித்தால் பந்து கையை விட்டுப் போயிருக்கும். இடித்தவரும் பந்தைப் பிடிக்க ஓடிவிடுவார், அதனால் பிடிக்கும் ஆளும் குறைவதில்லை. ஒன்று மட்டும் கூடாது. ஒருவர் நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் காலில் விழுந்து தடுத்தால் முழங்கால் போய்விடும். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் 2016 முதல் இதை அறவே தடை செய்திருக்கிறது. நல்ல காரியம்.

ரன்னிங் பேக் முதலில் நடுவைப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரியும். நடுவழிதான் குவாட்டர்பேக்குக்குக் குறுக்கு வழி. இருவர் வந்தால் உள்ளே வருகிறவரைத் தடுத்துவிட்டு, வெளியே வருகிறவரை விட்டுவிட வேண்டும். அவர் சுற்றி வருவதற்குள் குவாட்டர்பேக் எறிந்துவிடுவார். யாருமே வரவில்லையென்றால் ரன்னிங் பேக் தானும் ஓட்டத்தில் சேர்ந்துகொள்வார்.

எதிரணியும் விவரமானதுதான். ரன்னிங் பேக்கைக் கவனிக்க வேண்டிய லைன்பேக்கர், அவர் காவலுக்கு நின்றுவிட்டதைப் பார்த்த கணமே தானும் பாய்ந்து வருவார். கவனிக்க ஆளில்லையே, சும்மா நிற்பானேன்? இப்படிப் பாய்ந்து வருகிறவர்களுக்காகவே வைத்திருக்கும் பொறிதான் ஸ்கிரீன். ரன்னிங் பேக் தடுப்பதுபோலத் தோள் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் ஓரமாக நழுவுகிறார். சுவரில் இருந்தவர்களும் கையை எடுத்துவிட்டு அவருக்கு முன்னால் ஓடுகிறார்கள். வழி திறந்துவிட்டது என்று நான்கைந்து பேர் குவாட்டர்பேக்மேல் பாய்கிறார்கள். அவர் பின்வாங்கிக்கொண்டே அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிப் போடுகிறார். அது விழும் இடத்தில் ரன்னிங் பேக் திரும்பி நிற்கிறார், அவருக்கு முன்னால் மூன்று பெரிய முதுகுகள்.