கேமரா ட்ராப் - தமிழ்ல படப்பொறி

மசினகுடி பக்கம் ஒரு ஓடைக்கரையில நாங்க மரத்துல கேமரா கட்டிக்கிட்டு இருந்தப்ப, மாடு ஓட்டிட்டு வந்த ஒரு பாட்டி நின்னு "என்ன கண்ணு, புலிக்குப் பொறி வெக்கிறீங்களா"ன்னு கேட்டாங்க. கூட வந்த பையன் "ட்ராப் வெக்கிறோம் பாட்டி"ன்னு சொன்னதுதான் காரணம். 2021ல, ஆளுங்களக் கொன்னுச்சுன்னு டி23ங்கிற புலிய இந்தப் பக்கம் தேடுனப்ப இதே கேமராவும் மயக்க ஊசியும் ஒண்ணாத்தான் காட்டுக்குள்ள வந்துச்சு, அதனால அவங்க பயந்ததுல தப்பே இல்ல. காட்டுயிர் பாதுகாப்புக்காக படம் எடுத்து கதை சொல்றதுதான் என் பொழப்பு, ஆனா அந்த நேரத்துல அவங்களுக்கு புரியிற மாதிரி ஒரு தமிழ் வார்த்தை என்கிட்ட இல்ல.

கேமரா ட்ராப்னா, ஆள் இல்லாம தானே படம் எடுக்குற கேமரா. முன்னாடி உடம்புச் சூட்டோட ஏதாவது நகர்ந்தா சென்சார் உணர்ந்து கிளிக் பண்ணிடும். முழங்கால் உயரத்துல கட்டிட்டு, சரியா வேலை செய்யுதான்னு பாக்க நாங்களே நாலு கால்ல தவழ்ந்து போவோம், சிவப்பு லைட் மினுக்கினா சரி. புலிக்குன்னா பாதையோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா கட்டணும், ஏன்னா புலியோட இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேற வேற, ஒரு புலி வரி இன்னொண்ணுக்கு இருக்காது. 2018 புலிக் கணக்கெடுப்புல நாடு முழுக்க 26,838 இடத்துல இப்படி கேமரா வெச்சு எடுத்ததுல, புலி படம் மட்டும் 76,651.

பேரு எங்கிருந்து வந்துச்சுன்னா, லத்தீன்ல கேமரான்னா அறை, இருட்டறையில ஓட்டை வழியா உருவம் விழுறத பாத்ததுல இருந்து அந்தப் பேரு. ட்ராப்புங்கிறது வேட்டைக்காரங்க வார்த்தை. அமெரிக்காவுல ஜார்ஜ் ஷைராஸ் 1890கள்ல கம்பி கட்டி, மிருகம் இடறினா ஃபிளாஷ் அடிக்கிற மாதிரி செஞ்சார், நம்ம நாட்டுல சாம்பியன்ங்கிற பேருள்ள வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி 1920கள்ல அதே மாதிரி கம்பி வெச்சு புலிய படம் எடுத்தார். கம்பியில விலங்கு சிக்குறதுதான் கண்ணி, அதான் ட்ராப்.

பத்திரிகையில "தானியங்கி கேமரா"ன்னு போடுறாங்க. எனக்கு அது ஒட்டல, தானா இயங்குறது எத்தனையோ இருக்கு, ஏடிஎம்மையும் தானியங்கின்னுதான் சொல்றோம், மறைஞ்சு காத்துக்கிடக்குறது அதுல எங்க இருக்கு?

பொறின்னு தேடிப் பாருங்க, அசந்து போவீங்க. எலிப்பொறியில அது பிடிக்கிற கருவி. பொறியியல்ல அது எந்திரம். ஐம்பொறியில அது கண்ணும் காதும், அதாவது உணர்றது. சோழனோட புலிப்பொறியில அது முத்திரை, பொறிக்கிறதுன்னா பதிக்கிறது. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்துல சுங்கம் வாங்குறவங்க மூட்டை மேல "புலி பொறித்து" வெளிய அனுப்புவாங்கன்னு வருது. சூட்ட உணர்ந்து, எந்திரமா நின்னு, வர்றத பிடிச்சு, புலிய மெமரி கார்டுல பதிக்குது இந்தப் பெட்டி, இவ்வளவையும் அந்த ரெண்டெழுத்து சொல்லிடுது, இங்கிலீஷ் ட்ராப்புக்கு இதுல ஒரு பங்குதான் தெரியும்.

ஆனா வெறுமனே பொறின்னா பாட்டிக்கு வந்த பயம்தான் எல்லாருக்கும் வரும். அதனால படப்பொறி. புலிய இல்ல, படத்த பிடிக்கிற பொறி. "கேமராப் பொறி"யும் தப்பில்ல, ஆனா படப்பொறி வாயில சுலபமா வருது. "படப்பொறி கட்டினோம்"னே எழுதுங்க, கட்டுறதுதான் அங்க நடக்குற வேலை.

இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்க வெளிநாட்டுப் போட்டிக்கு இங்கிலீஷ்ல கேப்ஷன் அழகா எழுதுறாங்க, அதே படம் கூடலூர் எஸ்டேட் லைன்ல, தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடுங்க கிட்ட, திரை கட்டிக் காட்டுறப்ப தமிழ்ல தடுமாறுறாங்க. அந்தப் புலியோட பாதையில தினம் நடக்குறது அந்த லைன்காரங்கதானே.

பாட்டிக்கு அடுத்த வாரம் கார்டுல இருந்ததை காட்டினேன். ரெண்டு மான், ஒரு கரடி, மீதி எல்லாம் அவங்க மாடு. "எம் செவலையப் புடிச்சிருக்கு பாரு உம் பொறி"ன்னு சிரிச்சாங்க.