புதிய டிவி இணைப்புக்குக் கையெழுத்திடும் முன்: டிராய் விதிகள் தருவதும் தராததும்

நாகர்கோவிலிலும் தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளிலும் புதிய கட்டண டிவி நிறுவனம் ஒன்றின் ஆட்கள் இப்போது வீடு வீடாக வருகிறார்கள். பக்கத்து வீட்டில் அந்த இணைப்பைப் பார்த்தேன். படம் துல்லியமாக இருக்கிறது, சேனலை மாற்றினால் உடனே மாறுகிறது, வயதானவர்களும் கையாளும்படி ரிமோட் எளிதாக இருக்கிறது. சேவையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதை விற்கும் விதத்தில்தான் மக்கள் ஏமாறுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேபிள், டிடிஎச் இரண்டுக்கும் பொதுவான விதிகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் வகுத்தது. 2019 பிப்ரவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. நீங்கள் கட்டும் தொகையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம், மற்றது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

முதல் பொறி நெட்வொர்க் கட்டணத்தில்தான் இருக்கிறது. 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்ற கணக்கு பலருக்கு இன்னும் மனப்பாடம். அதற்கு மேல் கேட்டால் சட்டவிரோதம் என்று நினைக்கிறார்கள். அந்த உச்சவரம்பை டிராய் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது. இன்று நிறுவனமே தொகையை முடிவு செய்யலாம், ஊருக்கு ஊர் வேறுபடுத்தவும் செய்யலாம். இணைப்பு பொருத்த அதிகபட்சம் 350 ரூபாய் என்றிருந்த வரம்பும் அப்போதே போய்விட்டது. தொகையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற கடமை மட்டும் நிறுவனத்துக்கு மிச்சமிருக்கிறது. ஆகவே “மாசம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். சலுகை மாதம் முடிந்தபின் வரி உட்பட எவ்வளவு, வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்குத் தனியாக எவ்வளவு, பொருத்துவதற்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன தொகைக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

அடுத்தது பேக், அதாவது பல சேனல்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்பு. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளச் சேனல் பார்க்காத வீடு குறைவு. நிறுவனங்கள் தமிழ்நாட்டுக்கென்று தயாரிக்கும் தமிழ் பேக்கில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. மார்த்தாண்டம் அருகே தனியாக வசிக்கும் ஒரு பாட்டி, “மக்களே, எனக்க டிவியில மலையாளம் ஒண்ணும் வரல்ல” என்று என்னிடம் ரசீதை நீட்டினார். ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருந்தார், ரசீதில் பேக்கின் பெயர்கூட இல்லை. எந்தச் சேனலையும் தனியாக, அதன் மாத விலைக்கு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேக்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைப் பேக்கில் சேர்க்கவும் முடியாது. விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் பார்க்கும் சேனல்களை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முதல் மாதம் ஓடிப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ பணம் கட்டாதீர்கள்.

செட்டாப் பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா, வாடகையா, டெபாசிட்டா என்பது விண்ணப்பப் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் படிவத்தின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும் என்பது விதி. இப்போது கைப்பேசித் திரையில் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், நகல் கேட்டால் “மெசேஜ் வரும்” என்கிறார்கள். அது வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். விலை கொடுத்து வாங்கிய பாக்ஸுக்குக் குறைந்தது ஓராண்டு உத்தரவாதம் உண்டு. இதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டில் இருப்பது அரசு கேபிள் பாக்ஸ் என்றால் அது தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் சொத்து. புதிய நிறுவனத்தின் ஆள் “எக்ஸ்சேஞ்ச்” என்று கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேபிள்காரரிடமே ஒப்படைத்து, பாக்ஸ் எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள்.

இணையத்தோடு சேர்த்து டிவி என்று விற்கப்படுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது செயலி வழியாக வரும் சேவையாக இருந்தால், நான் மேலே சொன்ன டிராய் விதிகள் எவையும் அதற்குப் பொருந்தாது. “இது டிராய் விதிக்கு உட்பட்ட இணைப்பா?” என்று நேரடியாகக் கேளுங்கள்.

இனி புகார். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே டிஷ் வைத்தவர்களுக்கும், ஆண்டுக்கு இரண்டு பருவமழையையும் வாங்கும் நம் அனைவருக்கும் சிக்னல் போவது புதிதல்ல. சிக்னல் இல்லை என்ற புகாரை 24 மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், பில் தொடர்பான புகாரை ஏழு நாளில் தீர்க்க வேண்டும், தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சேவை இல்லாவிட்டால் அந்த நாட்களுக்கான தொகையைக் கழிக்க வேண்டும் என்பவை விதிகள். ஆனால் இந்த நேரக்கணக்கு உங்கள் புகார் பதிவான பிறகுதான் தொடங்கும். இணைப்பு பொருத்திய பையனின் கைப்பேசிக்கு அழைத்துச் சொன்னது புகாராகாது. கட்டணமில்லா எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அங்கும் தீரவில்லை என்றால் மக்கள் அலையும் அலைச்சலைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டிராய்க்கு எழுதுகிறார்கள், தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்திலேயே இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறார்கள். மனு வேறொரு மேசைக்கு அனுப்பப்பட்டு, பதில் வருவதற்குள் சந்தா முடிந்துவிடுகிறது. கேபிள்காரர் தொழில் நடத்தப் பெற வேண்டிய பதிவைப் பற்றிக் கேட்கத் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போகிறார்கள். அந்தப் பதிவு 2025 ஜனவரியிலிருந்து ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்துக்கு மாறிவிட்டது. இவ்வளவு அலையத் தேவையில்லை. தீராத புகார்களைக் கவனிக்க மாநிலத்துக்கென நிறுவனம் நியமித்திருக்கும் நோடல் அதிகாரிக்குப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதன்பின் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கு மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். படிவத்தின் நகல், ரசீது, புகார் எண், நோடல் அதிகாரிக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள்.