சிறை போய் அபராதம் வந்தது: ஆலைக் கழிவுப் புகாரை இனி எங்கே கொடுப்பது?

அளவுக்கு மீறிக் கழிவை வெளியேற்றும் ஆலையின் பொறுப்பாளரை ஐந்து ஆண்டுவரை சிறையில் வைக்கலாம் என்று 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் சொல்லிவந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சிறை கிடையாது. நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய 'ஜன் விஸ்வாஸ்' சட்டம் 42 சட்டங்களில் கைவைத்துப் பல தண்டனைகளை அபராதமாக மாற்றியது. சுற்றுச்சூழல் சட்டமும் 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டமும் அந்த வரிசையில் வந்துவிட்டன.

அப்படியானால் இனி யாரும் தட்டிக்கேட்க முடியாதா? முடியும். ஆனால் கேட்கிற இடம் மாறிவிட்டது. முன்பு குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தித் தண்டனை வாங்கித்தர வேண்டும். இப்போது அதற்கென்று நியமிக்கப்படும் அதிகாரி ஒருவர் விசாரித்து அபராதம் விதிக்கிறார். அவர் மத்திய அரசில் இணைச் செயலாளர் அல்லது மாநில அரசில் செயலாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அபராதம் பொதுவாகப் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகும். தவறு தொடர்ந்தால் நாள் கணக்கில் கூடுதல் தொகை ஏறும். விதித்த அபராதத்தை 90 நாளில் கட்டாவிட்டால் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அதாவது கழிவை விட்டதற்குச் சிறை இல்லை, காசைக் கட்டாததற்குத்தான் சிறை. மேல்முறையீடு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆலைக்காரர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் அபராதத்தில் பத்து சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் சிக்கல். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் மாநிலங்களின் ஒப்புதலோடு கொண்டுவரப்பட்டது. அதனால் அதில் நாடாளுமன்றம் செய்யும் திருத்தமும் தானாக எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிடாது. இதிலும் சிறைக்குப் பதில் அபராதம் என்று மாற்றி 2024 பிப்ரவரியில் நிறைவேறிய திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அது நேரடியாக வந்துவிட்டது. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். அதுவரை அங்கே பழைய தண்டனைதான்: நீர்நிலையை மாசுபடுத்தினால் குறைந்தது ஒன்றரை ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு சிறை.

புதிய திருத்தமும் ஒரு சிறைத் தண்டனையைத் தொடாமல் விட்டிருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது ஆலை நடத்த வாரியம் தரும் அனுமதி, இல்லாமல் ஆலை நடத்தினால் ஆறு ஆண்டுவரை சிறை என்பது அப்படியே இருக்கிறது. ஆகவே புகார் எழுத உட்காருவதற்கு முன்னால், அந்த ஆலைக்கு இசைவாணை இருக்கிறதா, அது எந்தத் தேதிவரை செல்லும், எவ்வளவு கழிவுநீருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம்.

எல்லாத் தொழிலுக்கும் இசைவாணை வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாசு மிகக் குறைந்த 'வெள்ளை' வகைத் தொழில்களுக்கு 2024 நவம்பரில் விலக்கு அளித்துவிட்டார்கள். திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரே படாமல் பனியன் துணி பின்னும், தைக்கும் வேலை வெள்ளை வகை. அதே துணியைச் சலவை செய்து சாயம் ஏற்றும் பட்டறை, மாசு மிக அதிகமான 'சிவப்பு' வகை. 'எங்களுக்கு இசைவாணை தேவையில்லை' என்று ஒரு சாயப்பட்டறை சொன்னால் நம்பாதீர்கள்.

இனி புகார். 2024 நவம்பரில் வந்த விசாரணை விதிகளின்படி, வாரிய அதிகாரிகள் மட்டுமல்ல, தனிநபர் யார் வேண்டுமானாலும் அபராதம் விதிக்கும் அந்த விசாரணை அதிகாரிக்கு 'படிவம்-1'-இல் புகார் கொடுக்கலாம். நேரிலும் கொடுக்கலாம், ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பலாம், இணையவழியிலும் அனுப்பலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். இந்த மாற்றத்தில் சாதாரண மக்களுக்கு மெய்யாகவே பயன்படக்கூடியது இதுதான் என்பேன்.

ஆனால் காகிதம் வலுவாக இருக்க வேண்டும். 'பல நாளாக நாற்றம் அடிக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தச் சர்வே எண் அருகே, எந்தக் குழாயிலிருந்து, என்ன நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள். பலர் ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கிவிடுகிறார்கள். விவரம் தெரிந்துகொள்ள அது உதவும். வாரியம் எடுக்கும் மாதிரியின் இடத்தில் அது நிற்காது. முறைப்படி மாதிரி எடுப்பதென்றால் ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வேலையை அதிகாரம் பெற்ற அலுவலர்தான் செய்ய முடியும். ஆகவே கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அதே தகவலை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் மறுநாள் வந்து காய்ந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போனாலும், நீங்கள் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பது பதிவில் இருக்கும்.

பழைய சட்டத்தில் சிறை இருந்ததே என்று ஏங்குவதில் பெரிய பொருள் இல்லை. வழக்குகள் ஆண்டுக் கணக்கில் இழுத்தன. என் மனக்குறை வேறு. சிறு பட்டறைக்கு 15 லட்சம் பெரிய தொகை, பெரிய ரசாயன ஆலைக்கு அது ஒரு செலவுக் கணக்கு. ஊர்க் கிணறு கெட்டுப்போனதற்கு இந்த அபராதத்திலிருந்து உங்கள் கைக்கு ஒரு பைசாவும் வராது.

இழப்பீட்டுக்கு வழி வேறு. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நடவடிக்கை கேட்டுப் போவதானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதானால் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. அபராதம் கட்டியாகிவிட்டது, கணக்குத் தீர்ந்தது என்று ஆலை சொல்ல முடியாது. கெட்டுப்போன சூழலைச் சரிசெய்யும் செலவை ஆலையிடமிருந்து வசூலிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கும் அதிகாரம் உண்டு, அது தண்டனை அபராதத்திலிருந்து வேறானது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தெளிவாக்கியிருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில், வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. வாரியத்துக்கு எழுதும் மனுவில் அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், 'சீரமைப்புச் செலவையும் வசூலிக்க வேண்டும்' என்று ஒரு வரி தனியாகச் சேருங்கள்.