எட்டாவது ரீடிங் எங்கே போனது?

அறிவியல், தொழில்நுட்ப அறநெறி என்று ஒரு தாள் இருக்கிறது, பல வருடமாக நான்தான் எடுக்கிறேன். தேர்வில் நேர்மையைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் மனப்பாடமாக ஐந்து வரி எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், அடுத்த மணி நேரமே லேபில் உட்கார்ந்து ரீடிங்கைத் திருத்துகிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. கிராஃப் நேர்கோடாக வந்தால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து என்று பழக்கியது ஆசிரியர்களாகிய நாம்தான்.

ஒரு மாணவியின் கிராஃபில் ஏழு புள்ளிகள், அருமையான கோடு. எட்டு ரீடிங் எடுத்தாயே, இன்னொன்று எங்கே என்றேன். "அது தப்பா வந்துடுச்சு சார்" என்றாள். எப்படித் தெரியும்? "கோட்டுல உட்காரல."

சரி என்று அடுத்த வகுப்பில் சேலஞ்சர் விண்கலத்தை எடுத்தேன். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ஓ-வளையங்கள் (ராக்கெட்டின் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று ராக்கெட் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மன்றாடினார்கள். அன்று பேச்சில் இருந்தது, முன்பு இந்த வளையங்களில் சேதம் ஏற்பட்ட ஏவுதல்கள் மட்டும்தான். அவற்றை மட்டும் பார்த்தால் வெயிலிலும் சேதம், குளிரிலும் சேதம், வெப்பநிலைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். சேதமே இல்லாதவற்றையும் சேர்த்தால் படம் அப்படியே மாறுகிறது: சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவுதல்களில் 3-ல்தான் சேதம், 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4-லும் சேதம். மறுநாள் காலை 2 டிகிரியில் ஏவினார்கள். 7 பேர் இறந்தார்கள்.

முதலில் சேதப் புள்ளிகளை மட்டும் கொடுத்து, ஏவலாமா என்று கை தூக்கச் சொல்கிறேன். நிறைய கைகள் உயரும். அப்புறம் மீதியைக் கொடுக்கிறேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

எப்போதும் ஒரு கேள்வி வரும். அந்த நிறுவனத்துப் பொறியாளர் ரோஜர் போஷோலே 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்து எச்சரித்தாரே, என்ன பிரயோஜனம்? நியாயமான கேள்வி. அதனால்தான் நான் அதே நிறுவனத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருந்த பாப் லண்ட் பற்றி அதிகம் பேசுகிறேன். அவரும் பொறியாளர், முதலில் ஏவ வேண்டாம் என்றவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்று மேலதிகாரி சொன்னதும் மாற்றிக்கொண்டார். உங்களில் பலர் ஒருநாள் அந்த நாற்காலியில்தான் உட்காரப்போகிறீர்கள், அன்று கீழே இருந்து ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் என்ன கேட்பீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். இதற்கு மனப்பாடப் பதில் கிடையாது, அதனால் நேரம் எடுக்கிறது. எடுக்கட்டும்.

சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விலகிய ரீடிங்கை அப்படியே வைத்து, ஏன் விலகியிருக்கலாம் என்று இரண்டு வரி எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுங்கள்.

அந்த மாணவி எட்டாவது புள்ளியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று தடவை மறுபடி அளந்திருந்தாள், மூன்று தடவையும் அதே இடத்தில்தான் விழுந்திருந்தது. இப்போது இருவரும் அந்தக் கருவியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.