பொமோடோரோவுக்குத் தமிழ் ‘தக்காளி’ இல்லை

‘உங்கள் அடுத்த தக்காளியைத் தொடங்குங்கள்’ என்று கைபேசியில் ஒரு செயலி சொல்கிறது. வேலை நேரத்தைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளும் பொமோடோரோ முறையைத்தான் அப்படிச் சொல்கிறது. ‘தக்காளி நுட்பம்’ என்று கட்டுரைகளில் பார்த்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொத்தானிலேயே வந்து உட்கார்ந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் கதை சிறியது. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோவுக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை. 10 நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடிகிறதா பார்க்கலாம் என்று, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை முடுக்கி வைத்தார். அதிலிருந்து வளர்ந்த முறை இது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. இத்தாலிய மொழியில் தக்காளிதான் பொமோடோரோ. பிரித்தால் ‘பொன் ஆப்பிள்’.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குகிறார்கள். சிரில்லோவின் முறையில் பொமோடோரோ ஓர் அளவின் பெயர். ‘இன்று எட்டு பொமோடோரோ முடித்தேன்’ என்று எண்ணுகிறார்கள். நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டால் அது கணக்கில் சேராது. பாதி பொமோடோரோ என்று ஒன்று கிடையாது. இதையெல்லாம் தக்காளியை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘எட்டு தக்காளி முடித்தேன்’ என்றால் கேட்பவருக்குச் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். அந்த டைமர் எலுமிச்சை வடிவில் இருந்திருந்தால் ‘எலுமிச்சை நுட்பம்’ என்று எழுதியிருப்பார்களா? எழுதியிருப்பார்கள், அதுதான் வருத்தம். வடிவம் தற்செயல், அளவுதான் பொருள். சரி, சொல்லின் பொருளைத்தான் பெயர்க்கிறோம் என்றால் ‘பொற்கனி’ வரை போயிருக்க வேண்டும். பாதி வழியில் நின்றுகொண்டு தமிழாக்கம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ‘நுட்பம்’ இன்னொரு தொல்லை. நுட்பம் என்றால் நுண்மை. மணி அடிக்கும்வரை உட்கார்ந்து வேலை செய்வதில் என்ன நுண்மை? அது வெறும் முறை.

தக்காளி என்ற சொல்லின் வரலாறே இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இன்று நாம் தக்காளி என்று சொல்லும் பழம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பே இங்கே மணத்தக்காளி போன்ற செடிகள் அந்தப் பெயரோடு இருந்தன. புதுப்பழம் வந்தபோது யாரும் ‘பொன் ஆப்பிள்’ என்று பெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. நம்மிடம் இதைப்போல எது இருக்கிறது என்று பார்த்து அந்தப் பெயரைக் கொடுத்தார்கள்.

அதே வேலையைச் செய்தால் விடை கண்ணெதிரே நிற்கிறது: நாழிகை. நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். முல்லைப்பாட்டில் குறுநீர்க் கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்த்து மன்னனுக்குப் பொழுது சொல்பவர்கள் வருகிறார்கள். கருவி வைத்துக் காலத்தைத் துண்டாக்கி எண்ணும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

ஒரு நிமிடம் குறைகிறதே என்பார்கள். 25 ஒன்றும் இயற்கை விதி இல்லை. சிரில்லோ செய்து பார்த்து வைத்துக்கொண்ட எண். 24-இல் டைமரை வைத்தாலும் முறை கெடாது. ‘நாழியாச்சு’ என்றால் நேரமாகிவிட்டது என்றுதானே பொருள், குழப்பம் வராதா என்பது இதைவிட நியாயமான கேள்வி. ஆனால் ‘மணியாச்சு’ என்றும்தான் சொல்கிறோம். மணி என்ற அளவு அதனால் மங்கிவிடவில்லை. பேச்சில் இன்னும் உயிரோடு இருப்பதை நான் நாழிகையின் பலமாகவே பார்க்கிறேன். ‘அமர்வு’ என்று சிலர் எழுதுவது தக்காளிக்கு எவ்வளவோ மேல். ஆனால் அமர்வு இரண்டு மணி நேரமும் ஓடும், அதில் அளவு இல்லை.

சிரில்லோவின் கதையைச் சொல்லும் இடத்தில் ‘பொமோடோரோ’ என்றே எழுதலாம், அது வரலாறு. அப்புறம் நாழிகை முறை என்று வைத்துக்கொண்டால் மற்ற சொற்கள் தாமாக வந்து விழும்: ஒரு நாழிகை எழுதினேன், இந்த நாழிகை கலைந்துவிட்டது, நான்காவது நாழிகை முடிந்ததும் நீண்ட ஓய்வு. அந்தப் பொத்தானில் ‘அடுத்த நாழிகையைத் தொடங்கு’ என்று இருந்தால், முறையைப் பற்றி ஒன்றும் அறியாதவருக்கும் அது நேரக் கணக்கு என்று புரியும்.