மண்டலத் திட்டமும் நிலப்பயன்பாட்டு வரைபடமும்: குடிமக்கள் பெறக்கூடிய தரவுகள்

அரசுப் பணத்தில் திரட்டப்பட்ட நிலம், நீர், காடு பற்றிய புவியியல் தரவுகளை, அறிவியல், பொருளாதார, வளர்ச்சிப் பணிகளுக்காக இந்தியர் அனைவரும் எளிதில் பெறுமாறு செய்ய வேண்டும் என்று மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. பாதுகாப்பு அமைப்புகள் திரட்டிய இரகசியத் தரவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. நிறுவனங்கள் மட்டுமின்றித் தனிப்பட்ட குடிமக்களும் இதில் அடங்குவர்.

இவற்றுள் மக்களுக்கு மிகவும் பயன்படுவது, இஸ்ரோவின் 'புவன்' என்னும் இணைய வரைபடத் தளத்தில் உள்ள நிலப்பயன்பாட்டு வரைபடமாகும். தேசியத் தொலையுணர்வு மையம் 2005-06, 2011-12, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு 1:50,000 அளவில் தயாரித்த வரைபடங்களை அங்கே பார்க்கலாம். விளைநிலம் எங்கே குறைந்தது, குடியிருப்பு எந்தத் திசையில் பரவியது என்பதை அவற்றை ஒப்பிட்டு அறியலாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி பல ஊர்களை உள்ளடக்கி, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என வகுக்கும் மண்டலத் திட்டம் தயாரிக்கப்படும்போது, வரைவின்மீது எழுத்துமூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. அந்த மனுவுக்கு வலுச் சேர்ப்பவை இத்தகைய தரவுகளே.

ஆனால் அவற்றின் எல்லையை அறியாமல் பயன்படுத்தினால் மனு வலுவிழந்துவிடும். 1:50,000 அளவில், வரைபடத்தின் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர் ஆகும். இவ்வகை வரைபடங்களுக்குப் பயன்பட்ட, செயற்கைக்கோளில் இருந்து படமெடுக்கும் லிஸ்-3 உணரியின் ஒரு படப்புள்ளி 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஏறத்தாழ பதின்மூன்றரை சென்ட். ஆகவே சிறிய ஊருணியோ குறுகிய வாய்க்காலோ அதில் தெரியாமல் போகலாம். கோடையில் வறண்டு முள் மண்டிக் கிடக்கும் கண்மாய் புதர்க்காடாகத் தோன்றவும் கூடும். வரைபடத்தில் இல்லை என்பதனாலேயே நீர்நிலை இல்லை என்று அலுவலர் கூறினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

செயற்கைக்கோள் காட்டுவது நிலத்தின் மேற்பரப்பில் இருப்பதை மட்டுமே. அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேடுதான் சொல்லும். அந்தப் பதிவேட்டு விவரங்களையும், நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் புல எண் கொடுத்துப் பார்க்கலாம். இடத்தின் அமைப்பை அறிய, இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலவரைபடங்களை அதன் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம்.

வரைவுத் திட்டத்துக்கு அடிப்படையான தரவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று வெளியிடப்படவில்லை எனில், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், ஆட்சேபணைக்கான காலம் முடியும் தறுவாயில் கேட்பதில் பயனில்லை. அறிவிப்பு வந்தவுடனேயே விண்ணப்பித்துவிட வேண்டும். மனுவில் புல எண், வரைபடத்தின் ஆண்டு, அதன் அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, புலப்பட நகலையும் இணைப்பது நல்லது.