மார்ச் மாதப் படத்தை நம்பி ஏப்ரலில் உட்காராதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் காட்டுயிர்க் களப்பணியில் இருப்பதால், வசந்தம் வந்தால் யாராவது ஒருவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவார். "என் இடத்தில் முப்பது வான்கோழிச் சேவல் இருக்கு, பாருங்க!" டிரெயில் கேமரா, அதாவது எதிரே ஏதாவது அசைந்தால் தானாகப் படம் பிடிக்கும், காட்டில் மரத்தில் கட்டிவைக்கிற கேமரா எடுத்த படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால், நான்கைந்து காட்டு வான்கோழிகளே திரும்பத் திரும்ப வந்து போயிருக்கும். ஒரே படத்தில் சேர்ந்து நிற்கும் சேவல்களின் அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ, அவ்வளவு இருக்கின்றன என்று மட்டும்தான் தைரியமாகச் சொல்லலாம்.

அந்தச் சேவல்களிலும் பாதி இளசுகளாக இருக்கும். தோகையை விரிக்கும்போது நடு இறகுகள் மட்டும் நீண்டு துருத்திக்கொண்டிருந்தால் அது போன வருடத்துக் குஞ்சு. முதிர்ந்த சேவலின் தோகை விளிம்பு, விசிறியை வெட்டி வைத்தாற்போல் ஒரே சீராக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் இடத்தில்தான். குளிர்காலத்தில் இவை தீனி கிடைக்கிற இடத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்திருக்கும். மார்ச் கடைசியிலிருந்து கூட்டம் உடையும். பெட்டைகள் கூடு வைக்க இடம் தேடிப் பிரிய, சேவல்கள் அவற்றின் பின்னாலேயே போகும். பிப்ரவரியில் நிறைந்திருந்த சோளக்காடு ஏப்ரலில் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். எனவே வசந்த வேட்டை சீசனுக்கு முந்தைய இரண்டு வாரப் படங்களுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்தது மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவோம். செல்போன் தானாக மாறிக்கொள்ளும். மரத்தில் கட்டிய சாதாரண கேமரா மாறாது. ஒரு வேட்டைக்காரர், ஏப்ரல் படத்தில் 6:50 என்று இருந்ததை நம்பி, விடியும் முன்பே போய் உட்கார்ந்தார். ஏழே கால் வரை ஒன்றும் வரவில்லை, எழுந்து வந்துவிட்டார். பாவம், உண்மையில் அந்தச் சேவல் வருகிற நேரம் 7:50. கேமராவை மாட்டும்போதே மணியைச் சரிபார்த்துவிடுங்கள். அப்புறம், சூரியன் உதித்து எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று குறித்து வையுங்கள். வாரத்துக்கு வாரம் உதயம் முந்திக்கொண்டே போவதால் அந்தக் கணக்குதான் உதவும்.

மானுக்குக் கட்டுகிற உயரத்தில் கட்டினால் முதுகு மட்டும்தான் தெரியும். முழங்காலுக்குச் சற்று மேலே கட்டி, வெயில் லென்ஸில் அடிக்காமல் வடக்குப் பார்த்துத் திருப்புங்கள். எதிரே உள்ள புல்லை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லை எடுத்தே மெமரி கார்டு நிறைந்துவிடும். திறந்த வயல் என்றால் சென்சாரை நம்ப வேண்டாம், தூரத்தில் நிற்கும் பறவை அதற்கு எட்டாது. சில நிமிடங்களுக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வையுங்கள்.

கார்டு எடுக்கத் தினமும் போவது வீண் வேலை. வான்கோழிக்கு மோப்பம் போதாது, ஆனால் கண் பொல்லாதது. அவை அடையும் மரத்துப் பக்கம் விடியலிலோ அந்தியிலோ நடமாடாதீர்கள். நடுப்பகலில் போய், கீழேயும் பாருங்கள்: ஆங்கில 'ஜே' எழுத்துபோல் வளைந்த எச்சம் சேவலுடையது, சுருண்டு குவிந்தது பெட்டையுடையது. இதற்கு பேட்டரியே வேண்டாம்!

கேமரா முன்னால் சோளம் இறைத்துப் படம் பிடிப்பவர்களுக்கு ஒன்று. இரை போட்ட இடத்தில் வேட்டையாடுவது இங்கே குற்றம். முழுவதும் அள்ளிய பிறகும் 30 நாட்களுக்கு அது இரை போட்ட இடமாகவே கருதப்படும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அரிசோனாவில் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதே 2022 ஜனவரி 1 முதல் தடை.

சீசன் தொடங்கிய பிறகு கார்டு எடுக்கப் போகிறவர்கள்தான் எனக்குக் கவலை. கிளர்ந்த சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மின்னும். வேட்டைக்காரரின் கண் தேடுவதும் அந்த நிறங்களைத்தான். சிவப்புத் தொப்பி, நீலச் சட்டை, கழுத்தில் வெள்ளைத் துண்டு எதுவும் வேண்டாம். ஒளிரும் ஆரஞ்சு போட்டுக்கொண்டு நடங்கள். புதருக்குள்ளிருந்து சேவல் சத்தம் கேட்டால் அதை நோக்கிப் போகாதீர்கள். வசந்த வேட்டையில் குரல் கொடுத்து வரவழைக்கத்தான் இங்கே அனுமதி, பதுங்கிப் போகக் கூடாது. அந்தச் சத்தம், முதுகை மரத்தில் சாய்த்து, துப்பாக்கியை மடியில் வைத்திருக்கும் ஒருவருடையதாகவும் இருக்கலாம்.